அப்பா குடுத்தது

ஏனுங்ணா, அது சுகர் மாத்திரைங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, அட்டையப் பாத்ததும் கேட்டுப்போட்டேன். போடுங்க, போடுங்க. தண்ணி இருக்குதுங்களா? நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். முன்னயா இருந்தா அந்த அட்டையப் புடுங்கி ஜன்னலுக்கு வெளிய வீசிட்டுத்தான் உங்ககிட்டப் பேச்சே ஆரம்பிச்சிருப்பேன். இப்பல்லாம் யாருகிட்டயும் எதுவும் சொல்றதில்லீங்க. சொல்லி என்னங்க ஆகப்போகுது.

உடுமலைக்குங்களா? நானும் இதே பஸ்ஸுல அங்கதானுங்க போறேன். வெள்ளகோவில்ல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கறேன். ஈஸ்வரமூர்த்தின்னு பேரு. தோட்டத்து மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னா நம்மகிட்டத்தான் கொண்டாருவாங்க. பழைய கம்பிய உருவிப் போட்டுட்டு புதுசா சுத்திக் குடுப்பேன். இப்பக் கடை சரியாத் தெறக்கறதில்லீங்க. தெறந்தாலும் வர்றவங்க மோட்டாரப் பத்திப் பேசறதில்ல.

எனக்கும் சுகர் இருந்துச்சுங்ணா. இருந்துச்சுன்னா லேசுப்பட்டதில்ல. கால்ல ஒரு புண்ணு வந்து ஆறவே மாட்டேன்னுது. கடையில உக்காந்தா கண்ணு சொக்கும். நான் தின்ன தீனி அப்படிங்க. காத்தால இட்லி அடுக்கடுக்கா உள்ள போகும். பத்து மணி வாக்குல போண்டா. மத்தியானம் சோறு குமிச்சு வெக்கணும், கொறஞ்சா கோவம் வரும். சாயந்தரம் கடைக்கு எதுத்தாப்புல பரோட்டாக் கல்லு. டீக்குக் கணக்கே இல்ல, ஒவ்வொண்ணுலயும் சக்கரை தூக்கலா. அதையெல்லாம் தின்னுபோட்டு உக்காந்த எடத்துல கம்பி சுத்தறது. நடக்கறதுன்னா கடையிலிருந்து வண்டி வரைக்கும் நடக்கறதுதான். டாக்டர் மாத்திரைய ஏத்திக்கிட்டே போனாரு.

அப்பத்தான் காங்கேயத்துல ஒரு மண்டபத்துல கூட்டம்னு ஒருத்தர் கூட்டிட்டுப் போனாருங்க. 'உணவே போதும் வட்டம்'னு பேரு. அருள்நம்பி ஐயான்னு ஒருத்தர் பேசுனாரு. வெள்ள வேட்டி, செருப்புக் கூடப் போடமாட்டாரு. சோத்தக் கொறைங்க, சக்கரைய விடுங்க, கம்பு, வரகு, கீரை, காய் நெறையத் தின்னுங்க, நடங்கன்னாரு. செஞ்சேனுங்ணா. ஒரு கெட்ட பழக்கம் பாக்கியில்லாம எல்லாத்தையும் விட்டேன். வாய்க்கால் மேட்டுல காலையில நடை. மொத மாசம் செத்துப்போயிரலாம்னு இருந்துச்சு. அப்பறம் பாருங்க, புண்ணு ஆறுச்சு. வயிறு உள்ள போச்சு. சுகர் எறங்குச்சு. டாக்டரே மாத்திரையப் பாதியாக் கொறச்சாரு, பொறவு வேண்டாம்னே சொல்லிப்போட்டாரு. என்ற கையப் புடிச்சுக் குலுக்குனாருங்க.

இதுல பொய் ஏதாவது இருக்குதுங்களா? இல்லல்ல. இத யாரும் பொய்யின்னு சொல்ல முடியாது.

ஐயா என்னைய மேடையில ஏத்துனாரு. நான் பள்ளிக்கூடத்துல கூட மேடை ஏறுனதில்லீங்ணா. காயில் கடைக்காரனுக்கு யாருங்க மைக் குடுக்கறா? பேசி முடிச்சதும் ஒரு ரிட்டயர்டு தாசில்தாரு வந்து என்ற காலத் தொட்டாரு. அதுல இருந்து மாசாமாசம் பேசுவேன். கடைக்கு வந்து கேப்பாங்க, மூர்த்தியண்ணா, எங்கம்மாவுக்கு என்ன குடுக்கறது, எங்க மாமனாருக்கு என்ன குடுக்கறதுன்னு. நாஞ்சொன்னதக் கேட்டு நல்லானவங்க இருக்கறாங்க. நெசமாலுமே இருக்கறாங்க.

அப்பத்தானுங்க எம்பொண்ணுக்கு வந்துச்சு.

கவிநயான்னு பேரு. ஒரே பொண்ணு. அஞ்சாவது படிச்சிட்டிருந்தா. தண்ணி தண்ணின்னு குடிச்சா. படுக்கையில ஒண்ணுக்குப் போயி, வெக்கப்பட்டுக்கிட்டுத் துணிய ஒளிச்சு வெச்சா. பாவாடை இடுப்புல நிக்காம நழுவுச்சு. எம்பட சம்சாரம் கோகிலவாணி கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனா. கொழந்தைங்களுக்குன்னே சுகர் பாக்கற டாக்டரம்மா. பாத்துட்டு, ஆயுசுக்கும் ஊசி போடணும், தெனமும், சாப்படறப்பெல்லாம்னு சொல்லிப்போட்டாங்க.

நாஞ் சிரிச்சனுங்ணா. நெசமாலும் சிரிச்சேன். டாக்டரம்மா, எனக்கும் இருந்துச்சுங்க, நான் ஒரு மாத்திரை இல்லாம ஓட்டிப்போட்டேன்னேன். அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. உங்களுக்கு வந்தது வேறைங்க. உங்க ஒடம்புல இன்சுலின் இருந்துச்சு, அது சரியா வேலை செய்யல, தீனிய மாத்துனீங்க, செஞ்சுது. கொழந்தைக்கு அது ஊறவே இல்லைங்க. நீங்க சாப்படற மாதிரி சாப்பாடு அவளுக்கும் ரொம்ப நல்லது, தாராளமாக் குடுங்க, ஆனா ஊசியோட குடுங்கன்னாங்க.

ரொம்ப நல்லது, தாராளமாக் குடுங்கன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க பாருங்க.

கோகிலா ஊசி போடக் கத்துக்கிட்டா. அளவுக் கரண்டி வாங்கிக்கிட்டு வந்து சோத்த அளந்தா. நயாக்குட்டியும் கொஞ்ச நாள்ல அவளே போட்டுக்கப் பழகிட்டா. பள்ளிக்கூடத்துல டீச்சர் ரூம்புக்குப் போயி போட்டுக்கிட்டு வந்து மத்த புள்ளைங்களோட உக்காந்து திங்கறாளாமாங்க. மாரியம்மன் நோம்பிக்கு வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் தின்னா. அதுக்குத் தகுந்தாப்புல ஊசி கூடப் போட்டுக்கலாம்னு அவங்கம்மா சொல்றா. கேக்கறதுக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது. ஊரெல்லாம் என்ற பேச்சக் கேக்குது, என்ற ஊட்டுல ஊசியப் போட்டுக்கிட்டுக் கச்சாயம்.

உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களாண்ணா? அந்தப் பிஞ்சு வயித்துல ஊசி எறங்கறதப் பாத்திருக்கறீங்களா? நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். ஒருக்காக் கூட நின்னு பாத்ததில்லீங்க. என்னால ஆகல.

ஐயாகிட்டக் கேட்டேன். சின்ன ஒடம்புங்க, பெரியவங்களவிட சீக்கிரமாத் திரும்பும்னாரு. ஊசி போடப்போட ஒடம்பு சோம்பேறியாயிரும், நிறுத்துனாத்தான் அது தானா சுரக்கும்னாரு. எனக்கு அது சட்டுனு புடிபட்டுச்சு. நான் அத ஊட்டுல சொன்னேன். கோகிலா என்ன சொன்னாத் தெரியுங்களா? "உங்க மோட்டார்ல காயில் சூடாயிருந்துச்சு, லோடக் கொறச்சீங்க, ஓடுச்சு. அவளுக்குக் காயிலே இல்லைங்க. லோடக் கொறச்சு என்ன பண்றது?"ன்னா. என்கிட்டயே காயிலப் பத்திப் பேசறாளுங்ணா. காலமெல்லாம் கம்பி சுத்துனவன் நான்.

கூட்டத்துல ஒரு நாள் வாய் தவறி... வாய் தவறியெல்லாம் இல்லீங்க, சொல்லணும்னுதான் சொன்னேன். அடுத்த மாசம் எம்பொண்ண இந்த மேடைக்குக் கூட்டியாருவேன், ஊசி இல்லாத கொழந்தையாக் கூட்டியாருவேன்னு சொல்லிப்போட்டேன். கை தட்டுனாங்க பாருங்க, மண்டபத்துத் தகரமெல்லாம் அதிருச்சு. ஐயா என்னையக் கட்டிப் புடிச்சாரு.

அப்பறம் எப்படிங்க பின்வாங்கறது?

உடுமலையில மாமியாருக்குக் கண்ணுல ஆப்பரேசன். கோகிலா கூட இருக்கணும்னு போனா. போகும்போது நூறு தடவை சொல்லிட்டுப் போனா, ஊசி எந்நேரம், எத்தனை, பிரிட்ஜுல எந்தத் தட்டுல இருக்குதுன்னு. நான் எல்லாத்துக்கும் சரி சரின்னேன். அவ பஸ் ஏறுனதும் அந்த ஊசி மருந்தையெல்லாம் எடுத்துட்டுப் போயிக் கடை மேசையில வெச்சுப் பூட்டிப்போட்டேன். கொழந்தைதானுங்களே, கண்ணுல பட்டா எடுத்துப் போட்டுக்குவா. அதுக்குத்தான்.

நயாக்குட்டி கேட்டா, "அப்பா, ஊசி?"

"இன்னிக்கு வேண்டாஞ்சாமி. ஒடம்பு தானாப் பழகட்டும்."

"அம்மா திட்டுமே."

"அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். கூட்டத்தன்னிக்கு மேடையில பாத்து அசந்துபோகட்டும்."

சிரிச்சாளுங்ணா. என்ற கழுத்தக் கட்டிக்கிட்டா. அப்பா சொன்னாச் செரியாத்தான் இருக்கும்னா. கம்பந்தோசை சுட்டுக் குடுத்தேன், பாவக்காய் பொரிச்சேன், ஒரு சொல்லுச் சொல்லாமத் தின்னா. அவங்கம்மா போன்ல கேக்கறா, ஊசி போட்டாச்சான்னு. ஆச்சுன்னேன். பக்கத்துல நின்னுக்கிட்டு வாயப் பொத்திச் சிரிக்கறா. "அப்பா பொய் சொல்லுது, அப்பா பொய் சொல்லுது"ன்னு போன வெச்சதுக்கப்பறம் ஆடறா. நாங்க ரெண்டு பேரும் அப்படி ஒத்துமையா இருந்ததே இல்லீங்ணா. அந்த ஒரு நாள யாரு என்ன சொன்னாலும் என்கிட்ட இருந்து எடுக்க முடியாது.

அடுத்த நாள் தண்ணி கேட்டா. கேட்டுக்கிட்டே இருந்தா. சொம்பு சொம்பாக் குடிச்சா, பாத்ரூமுக்கும் படுக்கைக்குமா நடந்தா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல. வயிறு வலிக்குதுன்னா, தின்னதெல்லாம் வாந்தி எடுத்தா. ஐயாவுக்குப் போன் அடிச்சேன். நல்லதுங்க, கழிவு வெளிய போகுது, ஒடம்பு சுத்தமாகுதுன்னாரு. இந்த நேரத்துல பயந்து ஊசியப் போட்டீங்கன்னா இதுவரைக்கும் பட்ட பாடெல்லாம் வீண், சாம்பல் பூசணிச் சாறு குடுங்கன்னாரு. குடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தா.

அதுக்கடுத்த நாள் அவளே கேட்டா.

"அப்பா, எனக்கு ஊசி போட்டு உடுப்பா."

"இன்னுங் கொஞ்சம் பொறு கண்ணு."

"நானே போட்டுக்கறேம்பா. வலிக்காம போட்டுக்கறேன்."

எந்திரிச்சுப் போயி பிரிட்ஜத் தெறந்து பாத்தா. மூடுனா. திரும்பத் தெறந்து பாத்தா. முட்டைத் தட்டத் தூக்கிப் பாக்கறா, தக்காளியத் தள்ளிப் பாக்கறா. அப்பறம் பிரிட்ஜுக்கு முன்னாலயே உக்காந்துட்டா. கதவு தெறந்தே இருக்குது, அந்தக் குளுமை அவ மூஞ்சில அடிக்குது. "எங்கப்பா வெச்சிருக்கற?"ன்னு கேக்கறா. நான் பதில் சொல்லலீங்க. சொல்லியிருந்தா அவ மனசு தளந்துபோயிருக்கும்.

ஏனுங்ணா, மூஞ்சியத் திருப்பிக்கறீங்க? வெயில் அடிக்குதுங்களா? இந்தப் பக்கமா வேணா மாறி உக்காந்துக்கங்க. வேண்டாமா? சரி.

ஞாயித்துக்கெழமை கூட்டம். காத்தால அவளத் தூக்கி உக்கார வெச்சுப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டேன். துணி ஒடம்புல நிக்கல, ஊக்குக் குத்துனேன். தலை சீவுனேன், எனக்குத் தெரிஞ்ச மாதிரி. மூச்சு மட்டும் ஓடி வந்தவளுக்கு வாங்கற மாதிரி வாங்குச்சு. ஆனா வாயில இருந்து ஒரு வாசம் வந்துச்சுங்ணா. பழுத்த பழ வாசம். கிட்டப் போயி மோந்து பாத்தேன், நெசமாலுமே பழ வாசம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. உள்ள சுத்தமாயிருச்சுன்னு நெனச்சேன். ஐயா சொன்னது செரிதான்னு நெனச்சேன். கையெடுத்துக் கும்புட்டேன்.

பக்கத்து ஊட்டு ஜமீலாக்கா தோசை மாவு கேக்க வந்துச்சு. சன்னலோரமா உக்கார வெச்சிருந்த கொழந்தையப் பாத்துச்சு. கையில இருந்த வெறுங்கிண்ணத்தக் கீழ போட்டுருச்சு. "எத்தனை நாளா இப்படி இருக்கறா?"ன்னு கத்துச்சு. "அக்கா, நீங்க போங்க, நாங்க கூட்டத்துக்குக் கெளம்பிட்டிருக்கறோம்"னேன். நயா, நயான்னு கன்னத்தத் தட்டுச்சு. கண்ணு பாதிதான் தெறந்துச்சு. அந்தம்மாவுக்கு முழங்கால் வலிங்க, படி ஏற மாட்டாது. எம்பொண்ணத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடுச்சு. நான் பின்னாலயே ஓடறேன். "அக்கா, மத்தியானம் வரைக்கும் பொறுங்க, கூட்டம் முடிஞ்சுரும்"னு சொல்லிக்கிட்டே ஓடறேன். திரும்பிக் கூடப் பாக்கல. ஆட்டோல ஏறிருச்சு.

ஆசுபத்திரியில அந்தப் பழ வாசத்த மோந்ததுமே யாரு ஊசிய நிறுத்துனதுன்னு கேட்டாங்க. ஜமீலாக்கா என்னையப் பாத்துச்சு. ஒரு சின்ன டாக்டரு, மீசை கூட முழுசா மொளைக்கல, என்னைய உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. அப்பறம் ஆம்புலன்ஸ்ல கோயமுத்தூரு. கோகிலா உடுமலையில இருந்து நேரா அங்க வந்துட்டா. ஐ.சி.யு. வாசல்ல என்னையப் பாத்தா, ஒரு வார்த்தை கேக்கல. எதுத்த பெஞ்சில போயி உக்காந்துட்டா. அடிச்சிருக்கலாமுங்க. நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

கொழந்தை பொழைச்சுக்கிச்சு. பொழைச்சுக்கிச்சுங்ணா, சாமி புண்ணியத்துல பொழைச்சுக்கிச்சு. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா...ன்னு சொல்லி டாக்டரம்மா பாதியிலயே நிறுத்திப்போட்டாங்க. ஆனா எனக்கு வேற யோசனை. இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா அந்த ஒடம்பு திரும்பியிருக்குமோன்னு. ராத்திரியும் பகலும் அதேதானுங்க ஓடுது. இல்லைன்னா... இல்லைன்னா வேற என்னன்னு நெனைக்கறதுங்க நான்? நீங்களே சொல்லுங்க. அது செரியில்லைன்னா, அந்தப் பிரிட்ஜு முன்னால எம்பொண்ணு உக்காந்திருந்தா பாருங்க, அத நான் எங்க கொண்டுபோயி வெக்கறது?

ஐயாவுக்குப் போன் போட்டேன். மொதல்ல எடுக்கல. அப்பறம் எடுத்தாரு. எங்க மொறையில தப்பே வராதுங்க, கொழந்தை ஒளிச்சு ஏதாவது தின்னிருக்கும், பிஸ்கட்டு, மிட்டாய், நல்லாக் கேட்டுப் பாருங்கன்னாரு. எனக்கு அப்படியே நெஞ்சுல பால் ஊத்துன மாதிரி இருந்துச்சு. அதுவாத்தான் இருக்கும்.

ரூமுக்கு மாத்துனாங்க. கையில டியூபோட படுத்திருந்தா. என்னையப் பாத்துச் சிரிச்சா கூட. "அப்பா, எனக்கு இட்லி குடுத்தாங்கப்பா"ன்னா. நான் கட்டில் பக்கத்துல உக்காந்து தலையத் தடவிக்கிட்டு, மெதுவாத்தானுங்ணா கேட்டேன், கோவமாக் கூட இல்ல.

"சாமி, அப்பா கேட்டா உண்மையச் சொல்லணும். ஒளிச்சு வெச்சு பிஸ்கட் ஏதாவது தின்னியா?"

என்னையவே பாத்தா.

"இல்லப்பா."

"அப்பா அடிக்கமாட்டேன். ஒண்ணே ஒண்ணு? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க யாராவது குடுத்துச்சா?"

"நான் எதுவுமே திங்கலப்பா. நீ குடுத்ததத்தாம்பா தின்னேன்."

அழுகை வந்துருச்சு அவளுக்கு. சத்தம் இல்லாம கண்ணுல தண்ணி மட்டும் வழியுது. கோகிலா கதவுகிட்ட நின்னிருக்கறா, நான் பாக்கல. வந்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவுல நின்னா. "இனிமேல் நீங்க அவளுக்கு எதையும் குடுக்க வேண்டாம். ஒரு வாய் தண்ணி கூட"ன்னா. அவ்வளவுதான். அங்கிருந்து நேரா அவ அண்ணன் செந்தில்நாதன் ஊட்டுக்கு உடுமலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. பள்ளிக்கூடமும் அங்கயே மாத்தியாச்சு.

ஒரு கேள்விங்ணா. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பெத்தவன் கேக்கக் கூடாதுங்களா? அதுக்கு இந்தத் தண்டனை.

அடுத்த கூட்டத்துல ஐயா மேடையில பேசுனாராம். சில பேரு அரைகொறையாச் செஞ்சுபோட்டு வழியக் கெடுக்கறாங்கன்னு. பேரு சொல்லலையாம், ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. வாட்சப் குரூப்புல இருந்து என்னைய எடுத்துப்போட்டாங்க. காலத் தொட்டாரே தாசில்தாரு, கடை வழியாப் போறாரு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாரு. நான் இப்பவும் வரகுதானுங்க திங்கறேன். காலையில நடக்கறேன். எனக்கு சுகர் இல்ல. பாருங்க, எனக்கு ஒண்ணுமே இல்ல. ஊட்டுல நான் மட்டும் நல்லா இருக்கறேன்.

போன மாசம் நான் செந்தில்நாதனோட கையக் காலப் புடிச்சுக் கேட்ட பொறவு, கொழந்தையப் பாக்க உட்டாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரம். நல்லா இருக்கறாளுங்ணா. கன்னம் வெச்சிருக்குது, வளந்துட்டா. "வாங்கப்பா"ன்னா. முன்னயெல்லாம் வாப்பான்னுதான் சொல்லுவா. ஊட்டுக்கு விருந்து வந்த ஒறம்பரைக்குச் சொல்ற மாதிரி, வாங்கப்பா.

தட்டுல கொஞ்சம் சோறு, நெறையக் காய், பருப்பு, ஒரு முட்டை. எல்லாம் நாஞ் சொன்ன மாதிரியே இருக்குது. கோகிலா இப்ப ஊட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் ஆக்கறாளாம். நல்லதக் கத்துக்கிட்டது என்கிட்டத்தானே, அத மட்டும் யாரும் சொல்லமாட்டாங்க. சாப்படறதுக்கு முன்னால பொண்ணு ஊசிய எடுத்தா. நான் எந்திரிச்சேன், வெளிய போலாம்னு. "உக்காருங்கப்பா, பாருங்க"ன்னா. எம்முன்னாலயே சட்டையத் தூக்கி வயித்துல குத்திக்கிட்டா. என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் குத்துனா.

"வலிக்கலப்பா. எப்பவுமே அவ்வளவு வலிச்சதில்லப்பா"ன்னா.

எனக்காகச் சொல்றாளுங்ணா. எம்மனசு நோகக்கூடாதுன்னு. ஊசி வலிக்காம இருக்குமா? வலிச்சிருக்கும்ல? வலிச்சிருக்கணும்ல?

சாப்புட்டு முடிச்சுத் தண்ணி கேட்டா. சொம்பு என்ற பக்கத்துல இருந்துச்சு. வெறுந்தண்ணிதானுங்க, அவங்க ஊட்டுத் தண்ணி. டம்ளர்ல ஊத்தி நீட்டுனேன். வாங்கிக்கிட்டா. வாய்கிட்ட கொண்டுபோயி நிறுத்திப்போட்டா. சமையக்கட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, அப்பா குடுத்தாங்க, குடிக்கலாமா?"ன்னு கேட்டா.

கோகிலா வெளிய வந்து பாத்தா. அவளுக்கும் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. குடிம்மா, தண்ணிதானேன்னா. ஆனா கொழந்தை குடிக்கலீங்ணா. டம்ளரக் கீழ வெச்சுட்டு, அவளே எந்திரிச்சுப் போயிக் கொழாயில புடிச்சுக் குடிச்சா.

அத்தன வெசத்த ஏத்தி வெச்சிருக்கறாங்க கொழந்தை மனசுல. வேற யாரு சொல்லிக் குடுத்திருக்கப் போறாங்க? அவளாவா நெனச்சிருப்பா?

தாராபுரம் தாண்டியாச்சுங்களா? தாண்டியாச்சு. இன்னும் கொஞ்சந்தான். நேத்து கோகிலா போன் பண்ணுனா. கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம், நீங்க வந்துட்டுப் போனா அவ ரெண்டு நாளைக்குச் சரியாச் சாப்படறதில்லைன்னா. நான் சரின்னேன். சரின்னுட்டு இன்னிக்கு வண்டி ஏறிட்டேன். நான் உள்ள போகப் போறதில்லீங்க. தெருமொனையில நின்னுக்குவேன். இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு, வாசல்ல வெளையாடுவா, எட்ட இருந்து பாத்துட்டு வந்துருவேன்.

அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அண்ணா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. இந்தப் பையில பாருங்க. பச்சக் கடலைங்க. காத்தாலதான் எங்கூட்டுப் பக்கத்துத் தோட்டத்துல பறிச்சாங்க, உப்புப் போட்டு வேகவெச்சிருக்கறேன். அவளுக்கு உசுரு. இதுல ஒண்ணுமே இல்லைங்க. மருந்து இல்ல, மாயம் இல்ல, ஐயா இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடலை, உப்பு, தண்ணி, அவ்வளவுதான். வேணும்னா நீங்க ஒண்ணு உரிச்சுத் தின்னு பாருங்க. நானும் திங்கறேன், பாருங்க, தின்னுட்டேன்.

பஸ்ஸ்டாண்டுல இருந்து அஞ்சு நிமிசம் நடைதானுங்க. நீங்க பெரிய மனுசன், உங்களப் பாத்தா யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க. கோகிலாவக் கூப்புட்டே குடுங்க, ஒளிச்செல்லாம் வேண்டாம். எங்க தோட்டத்துல வெளைஞ்சதும்மா, கொழந்தைக்குக் குடுன்னு சொல்லிக் குடுங்க. ஊசிக்கு எவ்வளவுன்னு அவ கணக்குப் பாத்துத்தான் குடுப்பா, எனக்குத் தெரியும். குடுக்கட்டும். ஊசியோடயே குடுக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல. அவ தின்னாப் போதும்.

எந்திரிக்காதீங்கண்ணா, இன்னும் ஸ்டாண்டு வரல. இது வெறும் ஸ்டாப்பிங். இங்க எதுக்கு எறங்கறீங்க? உங்க கால்ல வேணாலும் உழுகறேன். இதப் புடிங்க. புடிச்சுக்கங்க. நீங்க குடுத்தாத் தின்னுருவாங்ணா, யாரு குடுத்தாலும் தின்னுருவா. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க.